பானையின் அடியில் ஒரு க்ளோஸ்

இல்ஸ்பாக் என்ற ஊரில், ‘மூன்று கெண்டை’ என்ற சாப்பாட்டுக் கடையில் சமையல் நடக்கிற குசினியில், ஒரே ஒரு உருளைக்கிழங்கு உருண்டை பதினாறு ஞாயிற்றுக்கிழமை பானையின் அடியில் கிடந்தது. மேலே வரவில்லை, கரையவில்லை, பழுதாகவும் இல்லை. அந்தப் பானையைத் தூக்கப் போன மூன்று ஆம்பிளைகளுக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் அந்த ஊர் இறைச்சிக்கடைக்காரரிடம் போய் அவருடைய இடுப்பைக் கேட்கட்டும்.

இல்ஸ்பாக் ஜேர்மனியின் நடுவில் இருக்கிறது. ஊருக்கு நடுவால் ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் துரிங்கன்காரர். அவர்கள் உருண்டையை க்ளோஸ் என்பார்கள், பச்சைக் கிழங்கைத் துருவிப் பிழிந்து செய்வார்கள். அந்தப் பக்கம், எப்போதோ தெற்கே பயர்னிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அவர்கள் க்னோடல் என்பார்கள், காய்ந்த பாண் ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டு முட்டையும் பார்சிலி இலையும் போட்டு உருட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுப்பார்கள், செத்தவீட்டுக்குப் போவார்கள், ஆறு பெருகினால் சேர்ந்து மண்மூட்டை அடுக்குவார்கள், ஆனால் மற்றப் பக்கத்து உருண்டை வாய்க்குள் போனால் மட்டும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள்.

இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். உருண்டையைக் கத்தியால் வெட்டக் கூடாது. இரண்டு முள்ளுக்கரண்டியை நடுவில் குத்தி, மெதுவாகப் பிய்க்க வேண்டும். பிய்த்த பக்கம் சொரசொரவென்று இருந்து குழம்பைக் குடிக்கும். வெட்டின பக்கம் வழுவழுவென்று பளபளக்கும், குழம்பு வழிந்து ஓடிவிடும். அதைவிட, கத்தியை எடுப்பது என்பது சமைத்தவளின் முகத்துக்கு நேரே ‘நீ உருட்டினது கல்லு’ என்று சொல்வது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். நிருஜாவுக்கும் தெரியும். அவள் ஜேர்மனியில் பிறந்தவள்.

அவளுடைய அப்பாவுக்குத் தெரியாது. அவர் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் பிறந்தவர்.

நிருஜாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்றால், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் கதை கட்டத் தேவையில்லை. அம்மா பாரிசில் வேறு கல்யாணம் கட்டியிருந்தாள். அப்பா குணநாயகம், மூன்று கெண்டையில் ஒன்பது வருடமாகப் பீங்கான் கழுவுகிறார். இரண்டு பேரும் இருந்தது பஸ்ஸில் அரை மணித்தியாலம் தள்ளியிருந்த பெரிய ஊரில். ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு நாள் அப்பா, “எங்கட குசினியில ஆள் தேடினம், நான் முதலாளி அம்மாவோட கதைச்சுப் பாக்கிறன்,” என்றார். நிருஜா அவர் கதைக்கும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த நாளே ரெலிபோன் எடுத்து, தானே கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்து காட்டு என்ற பதிலையும் வாங்கிவிட்டாள்.

“நீயாவே கேட்டனியே?” என்றார் அப்பா. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்.

அவள் தானாகக் கேட்டதற்குக் காரணம் துணிச்சல் இல்லை. பீங்கான் கழுவுகிறவரின் மகள் என்று அந்தக் குசினிக்குள் போக அவளுக்கு விருப்பமில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மிச்சக் கதை சொல்லிப் பிரயோசனமில்லை.

பெயரிலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஆட்கள் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகத் தகப்பனின் சொந்தப் பெயரைக் கொடுப்பார்கள். ஆகவே கடதாசியில் அவள் நிருஜா குணநாயகம். அவர் குணநாயகம் முத்துத்தம்பி. ஜேர்மன்காரர் கடைசிப் பெயரைத்தான் பார்ப்பார்கள். இரண்டு கடைசிப் பெயரும் வேறு வேறு. முத்துத்தம்பி வாய்க்குள் வராததால் குசினியில் அவருக்குப் பெயர் முத்து. அவருடைய அப்பாவின் பாதிப் பெயரைத்தான் ஒன்பது வருடமாகக் கூப்பிடுகிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு காலையில் வால்ட்ராவுட் அவளுக்கு க்ளோஸ் செய்யக் காட்டிக்கொடுத்தாள். வால்ட்ராவுட்தான் முதலாளியும் சமையல்காரியும். அறுபது வயது, கதவளவு அகலம். மூன்றில் இரண்டு பங்கு கிழங்கைப் பச்சையாகத் துருவித் தண்ணீருக்குள் விடு, துணிப்பைக்குள் போட்டு உலரும்வரை பிழி, பிழிந்த தண்ணீரைக் கொட்டாதே, அடியில் வெள்ளையாக மா படியும், அதை வழித்து எடுத்துத் திரும்பச் சேர், மிச்சக் கிழங்கை அவித்துக் கஞ்சி மாதிரிக் கடைந்து கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்று, மரச்சட்டியை விட்டுக் கழன்று வரும்வரை அடி, கையை நனை, பொரித்த பாண் துண்டு இரண்டை நடுவில் வை, உருட்டு, போடு. “தண்ணி கொதிக்கக் கூடாது,” என்றாள். “நடுங்கத்தான் வேணும். வெந்தால் அதுவே மேலே வரும். நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை. பொறுமைதான் வேணும்.”

நிருஜாவிடம் இல்லாத சாமான் அது ஒன்றுதான். ஆனாலும் நன்றாக உருட்டினாள்.

ஆட்கள் வருமுன்னம் பதினொரு மணிக்கு வேலைக்காரரின் சாப்பாடு. குணநாயகம் ஒன்பது வருடமும் அந்த மேசையில் இருந்ததில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைப் பின்னால் கழுவுகிற அறையில் நின்றபடி சாப்பிடுவார். அன்றைக்கு வந்து இருந்தார். ஈர ஏப்ரனைக் கழற்றி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, மேசையின் மூலையில் கதிரையை இழுத்துப் போட்டு, “எனக்கும் ஒண்டு,” என்றார். வால்ட்ராவுட் ஆச்சரியப்பட்டு அவருடைய பீங்கானில் ஒரு க்ளோசை வைத்தாள். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, பாணை வெட்டுகிற மாதிரி மூன்று துண்டாக வெட்டினார். குழம்பை ஊற்றினார். விரலால் பிசைந்து வாய்க்குள் வைத்தார்.

மேசையில் சிரிப்பு அடக்கமுடியாமல் வந்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, சும்மா சிரிப்புத்தான், ஆனால் அதுவும் குத்தும். சமையல் பழகுகிற லெயோனி, மூக்கில் வளையம் போட்ட பத்தொன்பது வயதுக்காரி, அடுப்பருகே கடைசி உருண்டையை உருட்டிக்கொண்டு நின்ற நிருஜாவிடம் திரும்பினாள்.

“உங்கட ஊர் ஆள்போல. தெரியுமே அவரை? உன்ர அப்பாவோ?”

அவள் பகிடிக்குத்தான் கேட்டாள். குணநாயகம் நிமிர்ந்தார், வாய் நிறைய க்ளோசோடு, கண் நிறையச் சிரிப்போடு, ‘ஓம், என்ர பிள்ளை’ என்று சொல்லுவதற்கு வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார். அவர் விழுங்கி முடிப்பதற்குள் நிருஜா சொன்னாள்:

“இல்லை. எனக்கு அவரைத் தெரியாது.”

சொல்லிவிட்டுக் கையில் இருந்த உருண்டையைத் தண்ணீருக்குள் போட்டாள். நடுவில் பாண் துண்டு வைக்க மறந்துபோயிருந்தாள்.

குணநாயகம் எழும்பினார். கையைக் காற்சட்டையில் துடைத்தார். மேசையைச் சுற்றி அவளிடம் வந்து, புது ஆளுக்குக் கை கொடுக்கிற மாதிரிக் கையை நீட்டி, டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், “முத்து. வணக்கம்,” என்றார்.

அவளுடைய கையில் மா இருந்தது. அவருடைய விரலில் குழம்பு இருந்தது. இரண்டு பேரும் கை குலுக்கினார்கள்.

அன்றைக்கு அறுபத்து நான்கு உருண்டை போட்டார்கள். இருபது நிமிடத்தில் அறுபத்து மூன்று மேலே வந்தன. வால்ட்ராவுட் எட்டிப் பார்த்தாள். “ஒண்டு படுத்திருக்கு,” என்றாள். “படுக்கட்டும்.”

பின்னேரமும் அது படுத்திருந்தது. துளைக்கரண்டியால் தூக்கினாள், கரண்டி வளைந்தது. அடுப்பை அணைத்தாள், தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது, கொதிக்காமல், ஆறாமல், அவள் காலையில் காட்டிக்கொடுத்த அதே நடுக்கம். இறைச்சிக்கடைக்காரரும் தபால்காரரும் தீயணைப்புப் படைத் தலைவரும் வந்து பானையைத் தூக்கினார்கள், அந்த இடுப்புக் கதையைத்தான் முதலே சொல்லியாயிற்று. வால்ட்ராவுட் வேறு பானை வாங்கினாள். நிருஜாவுக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸில் அவள் முன்னுக்கு இருந்தாள், அப்பா பின்னுக்கு இருந்தார். வீட்டில் அவர் வழக்கம்போல் சமைத்தார், வழக்கம்போல் “சாப்பிட்டியே?” என்று கேட்டார். 

ஊர் அதைப் பழகிக்கொண்டது. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரித்தான். சுகாதாரப் பரிசோதகர் வந்து, தண்ணீரின் சூட்டை அளந்து, மேலே வராத உருண்டைக்குத் தன்னிடம் விதி ஏதுமில்லை என்று சொல்லி, பானையில் திகதி போட்ட ஸ்ரிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு, இரண்டு க்ளோஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார். தேவாலயத்துக்குப் போய் வருகிற வழியில் சனம் எட்டிப் பார்த்து, “இன்னும் படுத்திருக்கோ?” என்று கேட்கும், “படுத்திருக்கு,” என்று லெயோனி சொல்லுவாள், சனம் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு போகும்.

பிறகு உள்ளூர்ப் பேப்பரில் நாலு வரி வந்தது. நாலு வரிதான், ஆனால் நாடு முழுக்க உருண்டைக்காரர் புறப்பட்டு வந்தார்கள். பயர்ன்காரர் ஒருவர் வந்து, பச்சைக்கிழங்கில் செய்தால் இப்படித்தான் வரும், பாணில் செய்திருந்தால் அது முதல் நாளே மிதந்திருக்கும் என்றார். சார்லாந்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், தங்கள் ஊரில் கிழங்குத் துருவல் மயிர் மாதிரி வெளியே நீட்ட உருட்டுவதால் அது நீந்தத் தெரிந்த உருண்டை என்றார்கள். சிலேசியாவிலிருந்து அகதியாய் வந்த குடும்பத்துக் கிழவி ஒருத்தி, உச்சியில் பெருவிரலால் குழி வைக்காததுதான் பிழை, குழி இல்லாத உருண்டைக்கு எந்தப் பக்கம் மேல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். பிளம் பழத்தை உள்ளே வைத்து உருட்டுகிறவர்கள் வந்தார்கள்; ஈரலை அரைத்து உருட்டுகிறவர்கள் வந்தார்கள்; புளித்த மாவில் செய்து அடியில் உப்புப் பொருக்கு மொறுமொறுக்க ஆவியில் அவிக்கிறவர்கள் வந்தார்கள். வடக்கே கடலோரத்து ஆட்கள், நாங்கள் குடும்பத்துக்கே ஒன்றுதான், துணியில் கட்டித் தொங்கவிடுவோம், தொங்குகிறது எப்படித் தாழும் என்றார்கள். பேர்லினிலிருந்து வந்த ஒருவர், பைக்கற்றில் பொடியாக விற்கிறதே, ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கேட்டார். அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை.

எல்லாரும் எப்படிச் செய்தது என்று கேட்டார்கள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நிருஜா பின்னால் நின்று கிழங்கு துருவினாள். துருவியில் விரல் பட்டால் அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

யார் என்ற கேள்வியை ஊர் தனக்குத் தானே கேட்டது. முதலில் வால்ட்ராவுட். ஒரு திங்கட்கிழமை பானைக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்க, “அது என்ர,” என்றாள். நாலு வருடமாக, ஆட்கள் கூடுகிற நாட்களில், பாதி மாவைத் தொழிற்சாலையில் வாங்கி, கையால் துருவினது என்று சொல்லிப் பரிமாறியிருக்கிறாளாம். சொல்லிவிட்டு மூக்கைச் சீறிக்கொண்டு குனிந்து பார்த்தாள். உருண்டை அசையவில்லை. “அப்ப என்ர இல்லை,” என்றாள், ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் ஏமாற்றம்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். நகரசபைத் தலைவர் வந்து, வேலியை அரை மீற்றர் தள்ளிப் போட்டதைச் சொன்னார், அசையவில்லை, ஆனாலும் வேலியைத் திருப்பிப் போட்டார். ஆற்றின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த அக்காவும் தங்கையும், அம்மாவின் ஒரு மேசைவிரிப்புக்காகப் பதினொரு வருடம் கதைக்காமல் இருந்தவர்கள், ஒரே நேரத்தில் வந்து, நான்தான் எடுத்தேன், இல்லை நான்தான் எடுத்தேன் என்று சண்டை பிடித்தார்கள். பாதிரியார் வந்து என்ன சொன்னார் என்று தெரியாது, கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வரும்போது காது சிவந்திருந்தது. உருண்டை மேலே வராவிட்டால் அது உன்னுடையதில்லை என்று ஊர் தீர்ப்பு வைத்தது. சொல்லி முடித்தவர்கள் முற்றத்தில் நின்று பியர் குடித்தார்கள், அவர்களுடைய முதுகு முன்னைவிட நேராக இருந்தது.

இதெல்லாம் நிருஜாவின் கண்ணுக்கு முன்னால் நடந்தது. ஒரு ஊர் முழுக்க அவளுக்குப் பதிலாகத் தங்களுடைய அழுக்கைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தது, அவள் பாண் துண்டு பொரித்துக்கொண்டிருந்தாள். அவளும் சொல்லலாம். வாயைத் திறந்தால் முடிந்தது. ஆனால் ஒரு நாள் பிந்தினால் அடுத்த நாள் சொல்ல இரண்டு விஷயம் இருந்தது, பொய் ஒன்று, சொல்லாமல் இருந்தது ஒன்று. ஒரு கிழமை, ஏழு நாள், பிந்தினால் எட்டு. அவள் கணக்கில் மட்டம், ஆனால் இது கூடுகிறது என்று தெரிந்தது.

ஒன்பதாம் ஞாயிறு தீயணைப்புத் தலைவர், முன் மண்டபத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒண்டு கேக்கட்டே?” என்றார். “பின்னால பீங்கான் கழுவுற ஆள், அந்த வெளிநாட்டுக்காரர், அண்டைக்குக் கத்தியால வெட்டினவராமே?”

லெயோனிதான் பகிடியாக யாருக்கோ சொல்லியிருந்தாள். 

“வெட்டினா என்ன?” என்றாள் வால்ட்ராவுட். ஆனால் அவளுடைய குரலில் அவளுடைய உடம்பின் அகலம் இருக்கவில்லை.

அவரைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நிருஜா குழம்புச் சட்டியோடு வாசலில் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பது அவருடைய கழுத்தில் தெரிந்தது.

“ஓம்,” என்றார் தன்னுடைய உடைந்த டொச்சில். “நான் வெட்டினன். எனக்குத் தெரியாது. என்ர பிழை. அது என்ரயாத்தான் இருக்கும்.”

பானைக்கு முன்னால் போய் நின்று தலையைக் குனிந்து, “மன்னிக்க வேணும்,” என்றார். ஒரு கிழங்கு உருண்டையிடம்.

ஊர் அவரை மன்னித்தது. அதுதான் பெரிய கொடுமை. நல்ல மனசோடு, குறை வைக்காமல் மன்னித்தது. ஜாம் போத்தல் கொண்டுவந்தார்கள். அக்காவும் தங்கையும் சேர்ந்து கம்பளித் தொப்பி ஒன்று பின்னிக் கொடுத்தார்கள். பாதிரியார் இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தார். உருண்டை மட்டும் அசையவில்லை. மற்ற எல்லாருக்கும், மேலே வராவிட்டால் அது உன்னுடையதில்லை. அவருக்கு மட்டும், மேலே வராவிட்டால் நீ சொன்னது இன்னும் போதாது. இந்த வித்தியாசத்தை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. நிருஜா கவனித்தாள். கவனித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் தொடங்க அவர் வேலையை விடுவதாகச் சொன்னார். வீட்டில் பருப்புக் கடைந்துகொண்டு நிருஜாவுக்கும் சொன்னார்.

“கனோவரில ஒரு பள்ளிக்கூடக் குசினி. புது மெஷினாம். கழுவி, தானே உலர்த்தியும் தருமாம்.”

“மெஷினுக்காகப் போறியளோ?”

“நல்ல மெஷின் எண்டு சொன்னவங்கள்.”

“அப்பா, பொய் சொல்லாதேங்கோ.”

அவர் அகப்பையை நிறுத்தவில்லை. “உனக்கு அங்க பிடிச்சிருக்குத்தானே. நல்லா உருட்டுறாயாம், வால்ட்ராவுட் சொன்னவ. நான் அங்க நிண்டால் உனக்கு ஒரு மாதிரி. அவையளுக்கும் ஒரு மாதிரி. நான் போனால் அதுவும் மேல வந்திடும்.” அகப்பையில் கொஞ்சம் பருப்பை அவளிடம் நீட்டி, “சாப்பிட்டியே?” என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம், மற்றப் பிள்ளைகள் என்றால் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவள், “பருப்புக்கு உப்புக் கூட,” என்றாள்.

அந்தக் கிழமை குப்பைவாளியில், தேயிலைச் சக்கைக்குக் கீழே, கடையில் விற்கிற க்னோடல் பொடியின் வெறும் பைக்கற்றுகள் ஆறு கிடந்ததை அவள் கண்டாள். அடுத்த பின்னேரம் கதவு நீக்கலால் பார்த்தாள். அப்பா மேசையில் இருந்தார். முன்னால் ஒரு உருண்டை. இரண்டு கையிலும் இரண்டு முள்ளுக்கரண்டி. நடுவில் குத்தி, மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, பிய்த்தார். சரியாகப் பிரியவில்லை. பீங்கானைத் திருப்பி வைத்து இன்னொன்றை எடுத்தார்.

போகிற ஆள் ஏன் பழகுகிறார் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்ததால் கதவை விட்டு விலகினாள்.

பதினாறாம் ஞாயிறு அவருடைய கடைசி நாள். வெளியே பனி கொட்டியது. பதினொரு மணிக்கு வேலைக்காரரின் மேசையில் எல்லாரும் இருந்தார்கள். வழியனுப்ப பாதிரியாரும் தீயணைப்புத் தலைவரும்கூட வந்து குந்தியிருந்தார்கள். வால்ட்ராவுட் அவருடைய பீங்கானில் க்ளோஸ் வைத்தாள். மேசை அவருடைய கையைப் பார்த்தது.

குணநாயகம் கத்தியைத் தொடவில்லை. இரண்டு முள்ளுக்கரண்டியை எடுத்தார். குத்தினார். பிய்த்தார். உருண்டை சொரசொரவென்று இரண்டாகத் திறந்து, நடுவில் இருந்த இரண்டு பாண் துண்டும் ஆவியோடு தெரிந்தன.

மேசை கைதட்டியது.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது, பதினாறு கிழமையில் முதல் தடவையாக, அந்தக் குசினிக்குள் அவளைப் பார்த்தார். சரியாச் செய்தனானே என்று கேட்கிற பார்வை. தன்னால் அவளை இனிமேல் ஒருவரும் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்தானே என்று கேட்கிற பார்வை.

நிருஜா தன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் எழும்பினாள். “அப்பா,” என்றாள்.

தமிழில் சொன்னதால் ஒருவருக்கும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது, அவர் பயந்துபோய், வேண்டாம் என்று கண்ணால் காட்டினார்.

“அவர் என்ர அப்பா,” என்றாள் டொச்சில்.

“என்ன?” என்றாள் வால்ட்ராவுட், அடுப்புக்கு மேலே இருந்த புகைபோக்கி மெஷினைக் காட்டி. “இது இரையுது, ஒண்டும் கேக்கேல்லை. பலமாச் சொல்லு.”

“அவர் என்ர அப்பா!”

“ஆர், பாதிரியாரோ?” என்றார் தீயணைப்புத் தலைவர்.

“முத்து!” என்று கத்தினாள் நிருஜா. “முத்து என்ர அப்பா! அவருக்குப் பெயர் முத்துவும் இல்லை. குணநாயகம். என்ர பேருக்குப் பின்னால இருக்கிறது அவருடைய பேர். அண்டைக்கு லெயோனி கேட்டாள், நான் தெரியாது எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு அதைத் தண்ணிக்குள்ள போட்டன். அது நான் உருட்டினது. கத்தியால ஒண்டும் ஆகேல்லை. நீங்கள் எல்லாரும் வந்து வந்து சொல்லேக்க நான் இஞ்சதான் நிண்டனான்.”

லெயோனி எழும்பிப் போய் புகைபோக்கியை நிறுத்தினாள். அந்தச் சத்தமில்லாத குசினியில் எல்லாருக்கும் கேட்டது, பானைக்குள் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், குளத்தில் தவளை எழும்புகிற மாதிரி.

ஒருவரும் ஓடிப்போய்ப் பார்க்கவில்லை. முன்னால் மன்னித்ததைத் திருப்பி வாங்க முடியுமா என்று தெரியாத முகங்களோடு பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்புத் தலைவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்தார். கடைசியில் வால்ட்ராவுட்தான் கரண்டியோடு போனாள், அந்த வளைந்த கரண்டியோடே, அதை ஏந்திக்கொண்டு வந்து நிருஜாவின் பீங்கானில் வைத்தாள். “உன்ரதை நீ சாப்பிடு,” என்றாள். கோபமாகச் சொன்னாளா இல்லையா என்று சொல்ல முடியாது.

சாதாரண உருண்டைதான். கொஞ்சம் சாம்பல் நிறம். லெயோனி இரண்டு முள்ளுக்கரண்டியை நீட்டினாள்.

“கத்தியைத் தா,” என்றாள் நிருஜா.

“நிருஜா, இது—”

“கத்தி.”

கத்தி வந்தது. அவள் எல்லாருக்கும் முன்னால், பாணை வெட்டுகிற மாதிரி, மூன்று துண்டாக வெட்டினாள். வெட்டின பக்கம் வழுவழுவென்று பளபளத்தது. உள்ளே பாண் துண்டு இல்லை. நடு இன்னும் பச்சை. பதினாறு கிழமை வெந்நீரில் கிடந்தும் நடு வேகவில்லை. குழம்பை ஊற்றினாள், வழிந்து ஓடியது. விரலால் பிசைந்து வாய்க்குள் வைத்தாள். மாவாக இருந்தது, கைத்தது, தொண்டையில் நின்றது. விழுங்கினாள். இரண்டாம் துண்டையும் விழுங்கினாள். முகத்தில் என்ன வழிகிறது என்று துடைக்கக் கையில்லை, கை முழுக்கக் குழம்பு.

மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டும்போது பீங்கான் நகர்ந்தது. அப்பா அதைத் தன் பக்கம் இழுத்திருந்தார். முள்ளுக்கரண்டி இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, அந்த வேகாத துண்டை விரலால் எடுத்து, மேசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வாய்க்குள் போட்டு, நிதானமாக, கடைசிவரை மென்றார்.

“உப்புக் காணாது, பிள்ளை,” என்றார்.